சட்டியில் இருந்தால்

பள்ளிக்கூடம் மூடிப் பதிமூன்று மாதம்.
மணி மட்டும் அடிக்கிறோம்,
பருப்பு வெந்ததும்.

ஓம்துர்மானில் இது ஒரு பழைய தெரு.
நைல், நடந்துபோகும் தூரம்தான்;
நடந்துதான் போக முடியாது.
எதிர்க்கரை மாடியில் குறிபார்த்துச் சுடுகிறவன்
இருக்கிறான் என்கிறார்கள்,
இல்லை, போய்விட்டான் என்கிறார்கள்.
அப்தல்பாகியின் கழுதை
இரண்டு வதந்திக்கும் நடுவே போய்
நான்கு பீப்பாய் தண்ணீர் கொண்டுவருகிறது.

எனக்குக் கணக்கு எழுதும் வேலை.
போருக்கு முன்பும் அதுதான்,
இதே பள்ளியில், இதே நாற்காலியில்.
வேறு தாள் கிடைக்காமல்
வருகைப் பதிவேட்டிலேயே எழுதுகிறேன்:
மாணவன் பெயர் இருக்கவேண்டிய கட்டத்தில்
ஒரு வீட்டின் பெயர்,
தேதிக்குக் கீழே
எத்தனை அகப்பை என்று.

பணம் தோஹாவிலிருந்து வருகிறது.
தைசீரின் தம்பி டாக்சி ஓட்டி அனுப்புவது.
கைப்பேசியில் வெறும் எண்ணாக வந்து இறங்கும்.
எண்ணை நோட்டாக்கித் தருகிற கடைக்காரன்
ஐந்தில் ஒன்றை எடுத்துக்கொள்வான்.
அவனைத் திட்டிக்கொண்டே
அவன் பிள்ளைகளுக்கும் ஊற்றுகிறோம்.

விறகு மார்ச்சில் தீர்ந்தது.
அதற்குப் பிறகு பெஞ்சுகள்.
ஏழாம் வகுப்பை எரித்து முடித்து
எட்டாம் வகுப்பில் இருக்கிறோம்.
"யாரும் ஃபெயில் இல்லை" என்றாள் இஜ்லால்,
புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு.
ஒரு பலகையில்
காம்பஸ் முனையால் கீறிய பெயர்: ஷம்ஸுத்தீன்.
அதை மட்டும் தனியே எடுத்துவைத்தேன்.
மூன்றாம் நாள் இஜ்லால்
அதையும் அடுப்பில் வைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று பருப்பு சீக்கிரம் வெந்தது.

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்.
இல்லாதபோதும் வரவேண்டும்,
அதற்குத்தான் இத்தனை பேர் இங்கே நிற்கிறோம்.
நூறு பேருக்குப் போட்ட பருப்பு
நானூறு பேரைப் பார்த்ததும்
கூச்சப்பட்டு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது.
கலக்கு, கலக்கு என்று
தன் கைக்கே சொல்லிக்கொள்கிறாள் இஜ்லால்.
கடைசி ஆளின் நாக்கிலும்
ஒரு பருப்பாவது தட்டுப்படட்டும்.

பதூல் வீட்டுக்கு நான்கு.

நோன்பு முடிந்த வாரம்
அவள் முற்றத்தில் குண்டு விழுந்தது.
குழி வெட்டியவர்களில் நானும் உண்டு.
கால்பந்துத் திடலில், கோல் கம்பத்துக்குப் பின்னால்.
சின்னக் குழி,
அதிக நேரம் ஆகவில்லை.
மறுநாள் மணியடித்ததும்
வாளியோடு வந்து நின்றாள்.
"நான்கு" என்றாள்.

இஜ்லால் என்னைப் பார்த்தாள்.
நான் பதிவேட்டைப் பார்த்தேன்.
இருபத்தாறு வருஷத்தில்
வராத பிள்ளைக்கு வந்ததாகப் போட்டதில்லை நான்,
தலைமையாசிரியர் மகனுக்கே போட்டதில்லை.

நாற்பத்தொரு நாள் போட்டேன்.

இன்று
வரிசை மசூதியைத் தாண்டிப் போயிருந்தது.
மேலே ஏதோ ஒன்று முனகிக்கொண்டே சுற்றியது.
அண்ணாந்து பார்த்தார்கள்,
இடத்தை விடவில்லை.
பதூல் வாளியை நீட்டினாள்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
"போதும்" என்று வாளியை இழுத்துக்கொண்டாள்.

நான்காவது அகப்பை
பாதி சாய்ந்தபடி காற்றில் நின்றது.
அதிலிருந்து ஒரு சொட்டு மண்ணில் விழுந்ததை
பின்னால் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.
பதூல் மட்டும் பார்க்கவில்லை,
அவள் அதற்குள்
வாளி தளும்பாமல் நடப்பதில் கவனமாக இருந்தாள்.

அடுத்து நின்றவன் புதுப் பையன்.
நேற்றிரவு மேற்கிலிருந்து வந்த லாரியில் வந்தவன்.
கையில் எண்ணெய்த் தகரம்.
பதிவேட்டில் இல்லை.
"பேர் என்ன?" என்றேன்.
தகரத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினான்.
இஜ்லால் காத்திருக்கவில்லை, ஊற்றிவிட்டாள்.

நான்கை அடித்து மூன்று என்று எழுதினேன்.
கீழ்வரியில்
பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டு
தேதிக்கு நேரே ஒன்று போட்டேன்.
நாளைக்குச் சொல்வான்.
சொல்லாவிட்டாலும் ஊற்றுவாள்.

எட்டாம் வகுப்பில்
இன்னும் பதினொரு பெஞ்சுகள் இருக்கின்றன.